ஏழு மணி நேரத்தில் பனாமா

எழுதி ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், ஒரு அரியர், அக்காவுக்குக் குழந்தை என்று வரிசையாக வேலை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் பக்கத்தில் திறந்துதான் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி. மூன்றாம் வகுப்பில் "என் தந்தை" என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். "என் தந்தை பனாமாவில் வேலை செய்கிறார்" என்று எழுதினேன். டீச்சர் எங்கள் தெருதான். "உங்கப்பா கப்பல்லல்ல வேலை பாக்காரு?" என்று கேட்டார். நான் விடவில்லை. வீட்டில் இருந்த ஒரு போட்டோவில் அப்பா துறைமுகத்தில் நிற்பார், பின்னால் கப்பலின் பின்பக்கம் தெரியும். கப்பல் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் பனாமா என்று எழுதியிருக்கும். தூத்துக்குடி பஸ்ஸில் தூத்துக்குடி என்று எழுதியிருப்பது மாதிரி, அந்தக் கப்பல் பனாமா போகிற கப்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பி.காம் சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது கப்பல் பதிவான துறைமுகத்தின் பெயர். முதலாளி ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு, ஆட்கள் நாலு நாடு, கொடி மட்டும் பனாமா. வரி, கட்டணம், சட்டம் எல்லாம் தோதாக இருப்பதால் உலகத்துக் கப்பல்கள் அங்கே பதிவு செய்துகொள்கின்றன. உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகளில் ஒன்று இந்தக் குட்டி நாட்டினுடையது. ஆக, மூன்றாம் வகுப்பில் நான் எழுதியது முழுத் தப்பும் இல்லை. சட்டப்படி அப்பா பனாமாவில்தான் வேலை செய்தார். ஹி ஹி.

சரி, மேட்டருக்கு வருவோம். போன மே மாத லீவில் அக்கா வீட்டுக்கு ஹூஸ்டன் போயிருந்தேன். அத்தானுக்கு ஆறு மாதத்துக்கு லீமாவில் வேலை போட்டுவிட்டார்கள். அக்காவும் குழந்தையும் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பின்னால் தனியாகப் போன எனக்குக் கிடைத்த மலிவு டிக்கெட்டில் பனாமா சிட்டியில் விமானம் மாற வேண்டும். காலை 6.15க்கு இறங்கி, மாலை 5.30க்குக் கிளம்ப வேண்டும். நடுவில் பதினோரு மணி நேரம். வரிசை, சோதனை, திரும்பி வர வேண்டிய நேரம் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஏழு மணி நேரம். ஏற்கெனவே பயன்படுத்திய அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்ததால் வெளியே விட்டார்கள். (விதி மாறிக்கொண்டே இருக்கும், போகிறவர்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஏழு மணி நேரத்தில் என்ன பார்ப்பது? ஒரு தாளில் பட்டியல் போட்டேன். பழைய நகரத்து இடிபாடுகள், காஸ்கோ வியெஹோ என்கிற அடுத்த பழைய நகரம், அன்கோன் குன்று, ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2014இல் திறந்த கலர் கலரான பயோமியூசியம், மீன் சந்தை, கால்வாய். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்கு எழுதிக் கூட்டிப் பார்த்தால் பதினான்கு மணி நேரம் வந்தது. பட்ஜெட்டில் பாதி வெட்ட வேண்டும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா 1998 முதல் 2015 வரை கப்பலில் இருந்தவர். எஞ்சின் ரூமில் ஆயிலர். பனாமா கால்வாயைப் பதினோரு தடவை கடந்திருக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பாவிடம் ஒரு ஓவர்டைம் நோட்டு உண்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தார் என்று அதில் எழுதி வைப்பார். சம்பளம் போடும்போது சரிபார்க்க. அதில் பதினோரு இடத்தில் "பனாமா" என்று இருக்கும். பக்கத்தில் 6, 7, 9 என்று மணிக்கணக்கு. ஊர்களைப் பற்றி அந்த நோட்டில் வேறு ஒரு வரி கிடையாது.

"அப்பா, கால்வாய் எப்படிப்பா இருக்கும்? ரெண்டு மணி நேரம் அதுக்கு ஒதுக்கலாமா, இல்ல ஊரைப் பாக்கவா?"

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எஞ்சின் சத்தம் கொடுத்த சன்மானம். அதனால் சத்தமாகத்தான் பேசுவார். "எனக்கு எப்படில தெரியும்? நான் எங்க பாத்தேன்?" என்றார்.

பதினோரு தடவை போயும் பார்க்கவில்லையா என்றால், ஆமாம். கப்பல் கால்வாய்க்குள் நுழைகிற நாளில் எஞ்சின் ரூமில் ஆள் கட்டாயம் வேண்டும். மேலே இருந்து மெதுவாக, நிறுத்து, மறுபடி மெதுவாக என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். டெக்கில் வேலை பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு மானிகளும் சூடும்தான். ஒரு சில தடவை முறை முடிந்து மேலே வந்திருக்கிறார். ஒன்று ராத்திரியாக இருக்கும், இல்லையென்றால் கப்பல் காட்டூன் ஏரியில் போய்க்கொண்டிருக்கும். "சுத்திப் பச்சையா இருக்கும்ல. ஏரித்தண்ணி நல்ல தண்ணி. அதைப் புடிச்சு டெக்கைக் கழுவுவாங்க. உப்பு போகும்" என்றார். அவ்வளவுதான் அப்பா பார்த்த பனாமா.

போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் சொன்னார். "போறதுன்னா காலைலயே போ. உச்சி நேரத்துல கப்பல் இருக்காது."

தாளில் மற்றதை எல்லாம் அடித்துவிட்டுக் கால்வாயை முதலில் எழுதினேன்.

அப்பா சொன்னது அத்தனையும் சரி. மிராஃப்ளோரஸ் என்கிற இடத்தில் பார்வையாளர்களுக்கு மாடி கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய பூட்டு வாய்க்கால்களில் பொதுவாகக் காலையில் பசிபிக் பக்கமிருந்து கப்பல்கள் ஏறும். பிற்பகலில் அட்லாண்டிக் பக்கமிருந்து வந்தவை இறங்கும். நடுப்பகலில் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பலரும் முதலில் பழைய நகரத்துக்குப் போய்விட்டு வெயில் ஏறியதும் கால்வாய்க்கு வந்து ஏமாறுகிறார்கள்.

பனாமா மெட்ரோவின் முதல் பாதை 2014இல் திறந்தது. மத்திய அமெரிக்காவிலேயே அதுதான் முதல் மெட்ரோ. 2023இல் விமான நிலையம் வரைக்கும் ஒரு கிளை வந்துவிட்டது. ஒரு அட்டை வாங்கிக் காசு போட்டுக்கொண்டால் போதும். டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசத் தெரியாத, ஸ்பானிஷில் "கிராசியாஸ்" மட்டும் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். சான் மிகெலிட்டோவில் பாதை மாறி, கடைசி நிலையமான ஆல்புரூக் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேலைக்குப் போகிற கூட்டம். நம்ம ஊர் கூட்டம் மாதிரியே தூங்கிக்கொண்டே நிற்கிறார்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை, காமர்ஸ் மாணவன் சொல்லாமல் போகக் கூடாது. இவர்கள் நாணயத்தின் பெயர் பல்போவா. 1513இல் இந்த நிலத்தைக் கடந்து போய் பசிபிக் கடலைப் பார்த்த ஸ்பானியரின் பெயர். ஆனால் பல்போவா நோட்டு என்று ஒன்று புழக்கத்தில் இல்லை. நாணயம் மட்டும்தான். நோட்டு எல்லாம் அமெரிக்க டாலர். ஒரு பல்போவாவுக்கு ஒரு டாலர், 1904இலிருந்து இப்படித்தான். டாலர் கொடுத்தால் மீதிச் சில்லறை பல்போவாவில் வரும். அதை வேறு எந்த நாட்டிலும் செலவழிக்க முடியாது. எனக்கு வந்தது இரண்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது.

ஆல்புரூக்கில்தான் சொதப்பினேன். நிலையத்தை ஒட்டி பஸ் நிலையம், அதை ஒட்டி ராட்சத மால். எந்த வாசல் எது என்று தெரிவதற்காக விலங்கு பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு விலங்கிலிருந்து இன்னொரு விலங்குக்கு நடந்து, வெளியே வருவதற்குள் இருபது நிமிடம் போச்சு. பஸ்ஸை நம்பாமல் டாக்ஸி பிடித்தேன். மிராஃப்ளோரஸ் போனபோது மணி 9.05. நுழைவுச்சீட்டு 17 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ரூபாயில் மாற்றிப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாடி ஏறினேன்.

மேலே போனதும் முதலில் தெரிந்தது ஒரு சுவர். கறுப்பும் சிவப்புமாக, நகர்கிற சுவர். அதுதான் கப்பல். நான் துறைமுக ஊர்க்காரன், கப்பல் எனக்குப் புதிதில்லை. ஆனால் கரையிலிருந்து பார்க்கிற கப்பல் வேறு. இங்கே ஒரு பெரிய சரக்குக் கப்பல் வீட்டு வாசலில் லாரி போவது மாதிரி முன்னால் போகிறது.

நடப்பது இதுதான். கால்வாயின் நடுவில் இருக்கும் காட்டூன் ஏரி கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கிறது. கப்பல் ஒரு கடலிலிருந்து அந்த ஏரிக்கு ஏறி, மறுபக்கம் அடுத்த கடலுக்கு இறங்க வேண்டும். மலைக்குப் படி வெட்டினது மாதிரி தண்ணீரில் படி. மிராஃப்ளோரஸில் இரண்டு படி, சுமார் 16 மீட்டர். அடுத்து பெட்ரோ மிகெலில் ஒரு படி. அட்லாண்டிக் பக்கம் காட்டூனில் மூன்று படி. ஒவ்வொரு படியும் 33.5 மீட்டர் அகலம், 305 மீட்டர் நீளத் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி மேலே இருந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையிலேயே வந்து நிரம்புகிறது. பத்து நிமிடத்துக்குள் அந்த இரும்பு மலை சத்தமே இல்லாமல் மேலே வருகிறது. கதவுகள் 1914இல் திறந்த காலத்து வடிவம்தான். உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்ததால் அவ்வளவு எடையும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி லேசாகத் திறக்கிறது.

இந்தப் பழைய தொட்டிகளுக்கென்றே அளவெடுத்துச் செய்த கப்பல்கள் 32.3 மீட்டர் அகலம். கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு இரண்டடிதான் இடைவெளி. கரையில் தண்டவாளத்தில் ஓடும் மின்சார எஞ்சின்கள் கப்பலைக் கம்பி போட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வருகின்றன. அதற்குப் பெயர் கோவேறு கழுதை. உண்மையாகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொரு விஷயம், மற்ற இடங்களில் பைலட் ஏறினாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான். இங்கே மட்டும் கப்பலைச் செலுத்தும் முழு அதிகாரமும் கால்வாய்ப் பைலட் கைக்குப் போய்விடும்.

இரண்டாவது கப்பல் உள்ளே வரும்போது மணி 9.40. நம்ம ஊரில் இரவு 8.10. வீடியோ கால் போட்டேன். அம்மா எடுத்து, "சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள். அப்புறம் போன் அப்பா கைக்குப் போனது. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டார். அம்மா அதைப் பிடுங்கி முகத்துக்கு நேரே காட்டினாள்.

நான் கேமராவைத் திருப்பினேன். அப்பா ஒன்றுமே பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்க் கேரியர்ல அது," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "தண்ணி ஏறுதா, இறங்குதா?"

"ஏறுதுப்பா."

"இவ்வளவு கிட்டயா செவுரு இருக்கு?" என்றார். அப்புறம், "அதான் அந்தச் சத்தம்" என்றார்.

கப்பல் தொட்டிக்குள் லேசாகச் சுவரில் உரசினால் கீழே எஞ்சின் ரூமில் ஒரு சத்தம் கேட்குமாம். இரும்பைத் தரையில் இழுப்பது மாதிரி. முதல் தடவை கேட்டபோது பயந்துவிட்டாராம். பழைய ஆள் ஒருவர் "ஒண்ணுமில்ல, செவுரு" என்றாராம். பதினேழு வருடம் அந்தச் சுவர் எங்கேயோ தூரத்தில் இருப்பதாகவும், பைலட் கவனக்குறைவாகப் போய் இடித்துவிடுவதாகவும் அப்பா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பின்னாடி காட்டுல" என்றார். பின்பக்கத்தைக் காட்டினேன். கப்பல் பெயர், அதற்குக் கீழே பனாமா. சிரித்தார். "புகைக்கூண்டு தெரியுதா? அதுக்கு நேர் கீழ, தண்ணிக்குள்ள இறங்கிப் பாத்தேன்னா எஞ்சின் ரூம். அங்க ஒருத்தன் நிப்பான் இப்ப."

மாடியில் இருந்த கூட்டம் கப்பலைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தது. டெக்கில் ஆரஞ்சு உடுப்புப் போட்ட இரண்டு பேர் திரும்பக் கை ஆட்டினார்கள். ஒருவன் நம்ம பக்கத்து முகம் மாதிரி இருந்தான். பிலிப்பைன்ஸாகக்கூட இருக்கலாம். நானும் கை ஆட்டினேன். டெக்கில் இருந்தவர்களுக்கு ஒரு தடவை. அப்புறம் புகைக்கூண்டுக்குக் கீழே, தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இரும்பைப் பார்த்து ஒரு தடவை. பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சரி சரி, காசு ஆகும், வை" என்றார் அப்பா. வைஃபை இலவசம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு வெளிநாட்டு போன் என்றால் காசுதான்.

உள்ளே ஒரு கண்காட்சியும் படமும் இருக்கிறது. வேகமாகப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது கட்டண விவகாரம். 1928இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்கிற அமெரிக்க எழுத்தாளர் கால்வாயை நீந்திக் கடந்தார். அவரையும் ஒரு கப்பலாகக் கணக்கிட்டு, எடைக்கு 36 சென்ட் வாங்கினார்கள். பெரிய கப்பல்களுக்கு இப்போது கட்டணம் பல லட்சம் டாலர். 2023இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, வழக்கமாக ஒரு நாளைக்கு 36 கப்பல் போகும் இடத்தில் டிசம்பரில் 22 என்று குறைத்துவிட்டார்கள். ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. அதே ஏரிதான் ஊருக்குக் குடிதண்ணீரும். வரிசையில் முந்திப் போகும் இடத்தை ஏலம் விட்டார்கள். அந்த நவம்பரில் ஒரு நிறுவனம் கட்டணத்துக்கு மேல் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்து முன்னால் போனது. சில நாள் காத்திருக்காமல் இருப்பதற்கு 40 லட்சம் டாலர்! நேரத்துக்கு விலை உண்டு என்று வகுப்பில் சொன்னபோது கொட்டாவி விட்டவன் நான்.

தூரத்தில் கோகோலி என்கிற புதிய பூட்டு வாய்க்கால் தெரிகிறது. 2016இல் திறந்தது. 55 மீட்டர் அகலம். அங்கே தண்ணீரில் அறுபது சதவீதத்தைத் தொட்டிகளில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கோவேறு கழுதைகள் கிடையாது, இழுவைப் படகுகள்தான்.

10.40க்குக் கிளம்பினேன். அரை மணியில் காஸ்கோ வியெஹோ.

இந்த ஊருக்கு மூன்று வயது. முதல் நகரத்தை ஸ்பானியர்கள் 1519 ஆகஸ்ட் 15இல் அமைத்தார்கள். 1671இல் ஹென்றி மோர்கன் என்கிற கடற்கொள்ளைக்காரர் படையோடு வந்து தாக்கினார். நகரம் எரிந்து போனது. அந்த இடிபாடுகளைத்தான் நான் பட்டியலில் அடித்தேன். 1673இல் சில கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கம் கடல் இருக்கிற முனையில் மதில் கட்டிப் புதிதாக ஆரம்பித்ததுதான் காஸ்கோ வியெஹோ. மூன்றாவது, வளைகுடாவைச் சுற்றி நிற்கிற கண்ணாடிக் கோபுர நகரம். வங்கிகள். கால்வாய் திறந்த நாளும் 1914 ஆகஸ்ட் 15. நம்ம சுதந்திர தினம் வேறு. நமக்கு மறக்காத தேதி.

தெருக்கள் புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களை ஞாபகப்படுத்தின. பால்கனி, பூந்தொட்டி, பழுதுபார்த்து வண்ணம் பூசிய வீடு, அதற்கு அடுத்ததிலேயே கூரை இல்லாத சுவர். பெரிய சதுக்கத்தில் இருக்கும் கதீட்ரலை முடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. கோபுரங்களில் முத்துச்சிப்பி ஓடு பதித்திருக்கிறார்கள். முத்து நகர்க்காரன் என்பதால் கொஞ்சம் நேரம் கூடுதலாக நின்று பார்த்தேன். சான் ஹோசே கோயிலில் தங்க முலாம் பூசிய பெரிய பீடம் இருக்கிறது. மோர்கன் வந்தபோது பாதிரியார் அதற்குக் கறுப்பு பூசி மறைத்தார் என்பது ஊர்க்கதை. சாண்டோ டொமிங்கோ கோயிலின் தட்டை வளைவு இன்னொரு கதை. தாங்கல் இல்லாமல் நூற்றாண்டுகளாக நின்றதால், இங்கே நிலநடுக்கம் வராது, கால்வாயை இங்கேயே வெட்டலாம் என்று காட்டப் பயன்பட்டதாம். 2003இல் அதுவாகவே விழுந்துவிட்டது. திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் முனையில் பிரெஞ்சுச் சதுக்கம். தூணின் மேல் ஒரு சேவல். சூயஸ் கால்வாயை வெட்டிய ஃபெர்டினான்ட் தெ லெசெப்ஸ் 1881இல் இங்கே ஆரம்பித்து, 1889இல் கம்பெனி திவாலாகி நின்றது. பங்கு வாங்கிய சாதாரணப் பிரெஞ்சுக்காரர்கள் சேமிப்பை இழந்தார்கள். மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் செத்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்களாம். நம்ம வீட்டில் மாவு டப்பாவுக்குச் செய்வது மாதிரி. கொசு அதில்தான் பெருகியது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல், நம்ம செகந்திராபாதில். அமெரிக்கர்கள் 1904இல் வேலையை எடுத்தபோது அந்த அறிவு கையில் இருந்தது. முதலில் கொசுவை ஒழித்தார்கள். அப்படியும் அவர்கள் கணக்கில் 5,609 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

சம்பளப் பட்டியல் இரண்டு. அமெரிக்கர்களுக்குத் தங்கப் பட்டியல், சம்பளம் தங்கத்தில். தீவுக்காரர்களுக்கு வெள்ளிப் பட்டியல், சம்பளம் வெள்ளியில். கடை, குடியிருப்பு, தபால் நிலையத்து ஜன்னல் எல்லாம் இதன்படி தனித்தனி. பே ரோல் என்றால் எக்செல் தாள் என்று நினைத்திருந்தேன். மனிதர்களை இரண்டாகப் பிரிக்கிற கோடாகவும் அது இருந்திருக்கிறது. அப்பாவின் ஓவர்டைம் நோட்டு ஞாபகம் வந்தது. அவர் கப்பலிலும் ஒரே வேலைக்கு நாட்டுக்கு ஒரு சம்பளம் உண்டு என்று அம்மா முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன். அப்பா அதைப் பற்றிப் பேசினதில்லை. நோட்டில் மணிக்கணக்கு மட்டும் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

12.45க்கு மழை பிடித்துக்கொண்டது. மே மாதம் அங்கே மழைக்காலத் தொடக்கம். ஒரு வண்டிக்காரரிடம் சீவின ஐஸில் பாலாடை மாதிரி ஊற்றித் தருகிற ராஸ்பாதோ வாங்கி, சுவரோரம் ஒதுங்கி நின்று தின்றேன். மழை விட்டதும் நடந்தே மீன் சந்தை. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயம் போட்ட செவிச்சே ஒரு கப். "மீனை வேகவைக்காமலா?" என்று அம்மா கேட்பாள் என்பதால் இதுவரை சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். போச்சு.

இரண்டு மணிக்கு டாக்ஸி. கடல் மேலேயே ஓடுகிற கட்டணச் சாலை வழியாக 2.45க்கு விமான நிலையம். அன்கோன் குன்று, இடிபாடு, பயோமியூசியம் மூன்றும் பாக்கி. பரவாயில்லை.

உங்களுக்கும் இப்படி ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால் நான் சொல்வது: காலை என்றால் கால்வாய் முதலில், பழைய நகரம் பிறகு. பார்வையாளர் மையம் திறக்கும் நாளும் நேரமும் முன்னாலேயே பாருங்கள். போகும்போது மெட்ரோ, திரும்பும்போது டாக்ஸி. ஆல்புரூக்கில் எந்த விலங்கு வழியாக உள்ளே போனீர்கள் என்று ஞாபகம் வையுங்கள். பனாமா தொப்பி வாங்குகிறவர்கள், அது உண்மையில் எக்வடோர் தொப்பி என்று தெரிந்து வாங்குங்கள். நாலு இடத்துக்கு ஓடுவதைவிட இரண்டு இடத்தில் நிற்பது நல்லது.

அப்பாவுக்கு வருடத்துக்கு இரண்டு மாதம்தான் லீவு கிடைக்கும். அதில் ரேஷன் கார்டு, கூரை ஒழுகல், சொந்தக்காரர் கல்யாணம், எங்கள் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் முடிப்பார். கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். எங்களோடு கடற்கரைக்கு வந்தால்கூட ஒரு மணி நேரம்தான். அப்போது எனக்குக் கோபமாக வரும். பதினோரு மணி நேரத்தை நிமிடமாக வெட்டித் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிந்தது.

ஊருக்கு வந்ததும் வீடியோவைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை முடிந்ததும், "ஏல, அந்தக் கதவு எவ்வளவு உயரம் இருக்கும்?" என்றார். 25 மீட்டர் என்றேன். "அம்மாடி" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க பாரு, இதுக்குள்ளதான் நான் போயிட்டு வந்தேன்" என்றார்.

சரி மக்களே, நாளைக்குப் பரீட்சை. லீமா கதை இன்னொரு நாள்.